ஜாம்போரிக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி நம்ம ஊர்லயே பண்ண வேண்டியது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூர் பக்கம் ஸ்கூல்ல சாரணர் ட்ரூப் (பசங்க குழு), கைடு கம்பெனி (பொம்பளைப் பிள்ளைக குழு) நடத்துற சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும், அப்புறம் சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாம ஞாயித்துக்கிழமை பசங்களோட நிக்கிற அண்ணன் அக்காமாருக்கும் இது. முதல் தடவையா ஜாம்போரிக்கு, அதாவது பல ஊர்லேர்ந்து ஆயிரக்கணக்கான சாரணர் பசங்க கூடுற பெரிய கேம்ப்புக்கு, ட்ரூப்பைக் கூட்டிட்டுப் போகணும்னு சர்க்குலர் வந்தா நாம உடனே என்ன பண்றோம், பசங்களை நிக்க வச்சு மார்ச் பாஸ்ட் பழக்குறோம், முடிச்சு போடச் சொல்றோம், கேம்ப் ஃபயருக்கு ஒரு டான்ஸ் ரெடி பண்றோம். அதெல்லாம் வேணும்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா பெரிய கேம்ப்ல பசங்க உட்கார்ந்து அழுவுறது ரீஃப் நாட்ங்கிற முடிச்சு மறந்து போச்சுன்னு இல்லங்க. தூக்கம் வரலன்னு, கக்கூஸ் க்யூவுல நிக்கப் பிடிக்கலன்னு, சாப்பாடு இறங்கலன்னு, தட்டைக் காணோம்னு, டென்ட்டுக்குத் திரும்பி வர வழி தெரியலன்னு. அதனால தயாரிப்புல பாதி நேரத்தை இந்த மாதிரி சில்லறை விஷயத்துக்குக் குடுங்க, மீதியை அணிவகுப்புக்கு வச்சுக்குங்க.

முதல்ல சர்க்குலரை முழுசாப் படிங்க, ரெண்டு தடவை. எந்த ஊரு, எந்த மாசம், எத்தனை வயசுப் பசங்க, ஒரு யூனிட்டுக்கு எத்தனை பேர், சாப்பாடு அவங்க போடுறாங்களா நாம சமைக்கணுமா, டென்ட் அவங்க குடுக்குறாங்களா. மாசமும் ஊரும் ரொம்ப முக்கியம். 2025 ஜனவரி 28லேர்ந்து பிப்ரவரி 3 வரைக்கும் பாரத் சாரண சாரணியர் இயக்கத்தோட வைர விழா ஜாம்போரி நம்ம மணப்பாறைல சிப்காட் வளாகத்துல நடந்துச்சு, அங்க போறதுக்கு நம்ம பசங்களுக்கு ஒரு ஸ்வெட்டரும் குல்லாவும் போதும், பகல்ல வெயிலு, ராத்திரி பனி, நமக்குப் பழகின பூமிதான். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2023 ஜனவரி 4லேர்ந்து 10 வரைக்கும் 18வது தேசிய ஜாம்போரி ராஜஸ்தான்ல பாலி மாவட்டத்து ரோஹட்ல. ஜனவரி மாசத்து ராஜஸ்தான் ராத்திரி எப்படி இருக்கும்னு நம்ம ஊர்ல ஃபேனை அஞ்சுல வச்சுட்டுத் தூங்குற பயலுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ரெண்டும் ஜாம்போரிதான், ரெண்டும் ஜனவரிதான், ஆனா மூட்டை ஒண்ணு இல்ல. போன தடவை லிஸ்ட்டையே ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்காதீங்க.

பேட்ரோல் ஒழுங்கா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது

1907ல சாரணர் இயக்கத்தைத் தொடங்குன பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல முதல் கேம்ப் நடத்துறப்பவே வந்த பசங்களை நாலு பேட்ரோலா, அதாவது சின்னச் சின்னக் குழுவா, பிரிச்சுத்தான் நடத்துனாரு, ஓநாய், காக்கை, காளைன்னு பேரெல்லாம் வச்சு. வந்தது என்னமோ இருபது சொச்சம் பேர்தான், அதுக்கே பிரிச்சாரு. நாம முப்பது பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் ஒத்தை ஆளா விசில் அடிச்சு மேய்க்கலாம்னு நினைக்கிறோம், ரெண்டாவது நாள் தொண்டை போயிரும்.

ஆறு பேர்லேர்ந்து எட்டு பேர் வரைக்கும் ஒரு பேட்ரோல், அதுக்கு ஒரு லீடர், அவனுக்கு உதவியா ஒரு செகண்ட். லீடரை மார்க் பாத்துப் போடாதீங்க, சத்தமாக் கமாண்ட் குடுக்குறான்னும் போடாதீங்க. சோறு போடுறப்ப கடைசிலேர்ந்து யாரு சாப்பிடலன்னு திரும்பிப் பாக்குற பிள்ளை ஒண்ணு எல்லா கிளாஸ்லயும் இருக்கும், அதுதான் லீடர். பேட்ரோலைப் பிரிக்கிறப்ப பெரியவன் சின்னவன் கலந்து போடுங்க, முதல் தடவை வீட்டை விட்டு வெளிய வர்றவனோட ஏற்கனவே ஒரு கேம்ப் பாத்தவனைச் சேர்த்து விடுங்க. நெருங்கின கூட்டாளிக ரெண்டு பேரை ஒண்ணாப் போடலாம், நாலு பேரை ஒண்ணாப் போட்டா மீதி பிள்ளைகளை ஓரங்கட்டிருவானுக.

கேம்ப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இதை முடிவு பண்ணி, அப்புறம் மாத்தாம, வாராவாரம் நடக்குற கூட்டத்துல எல்லா வேலையும் பேட்ரோல் வழியாவே போகணும். ஒரு பிள்ளை நேரா உங்ககிட்ட வந்து "சார் தண்ணி பாட்டில் காணோம்"ண்டு சொன்னா, நீங்க தேடாதீங்க, "ஒன் லீடர்ட்ட சொன்னியா"ண்டு கேளுங்க. இது ஆரம்பத்துல கொஞ்சம் கல் நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனா பெரிய கேம்ப்ல நீங்க மீட்டிங்குக்குப் போயிருவீங்க, ரேஷன் வாங்கப் போயிருவீங்க, அப்ப அந்தப் பிள்ளை யார்கிட்டப் போகும்? அதுக்குத்தான் இப்பவே பழக்குறது.

வேலையையும் பேர் போட்டுப் பிரிச்சுருங்க. ஒருத்தன் தண்ணிக்குப் பொறுப்பு, ஒருத்தன் மருந்துப் பெட்டி, ஒருத்தன் கயிறு முளை சாமான், ஒருத்தன் பாத்திரம், ஒருத்தன் காசுக் கணக்கு. கடைக்காரப் புள்ளையா இருந்தா காசுக் கணக்கு அதுகிட்டப் போகும், நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சம் இல்ல.

நடக்கப் பழக்குங்க

பெரிய கேம்ப்ல யாரும் எதிர்பாக்காத விஷயம் நடை. டென்ட் ஒரு கோடில, சாப்பாடு ஒரு கோடில, பெரிய மேடை இன்னொரு கோடில, காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் பிள்ளைக நடந்துக்கிட்டே இருக்கும். நம்ம பிள்ளைக இப்ப ஸ்கூல் வேன்ல ஏறி ஸ்கூல் வேன்ல இறங்குதுக. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் காரைக்குடிலேர்ந்து குன்றக்குடி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போங்க, பத்து கிலோமீட்டர் சுமார் வரும், மலையேறி முருகனைக் கும்பிட்டுட்டு பஸ்ல திரும்பிரலாம். முதல் தடவை வெறுங்கையோட, அடுத்த தடவை கேம்ப்புக்கு எடுத்துட்டுப் போற அதே பையை அதே கனத்தோட முதுகுல மாட்டிக்கிட்டு. ரெண்டாவது நடையில பாதி வழில பைக்குள்ள எது தேவையில்லன்னு அவனுகளே சொல்லிருவானுக, நீங்க வாயே திறக்க வேண்டாம்.

இந்த விஷயத்துல நமக்குப் பாடம் சொல்ல வெளிலேர்ந்து ஆள் வரணும்னு இல்ல. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோட குன்றக்குடிலேர்ந்து பழனிக்கு நடக்குறவுக நம்ம தெருவுலயே இருக்காக. அப்படி வருஷா வருஷம் நடக்குற ஒரு பெரியவரை, ஐயாவோ அப்பத்தாவோ, ஒரு சாயந்தரம் ட்ரூப் கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பேசச்சொல்லுங்க. எத்தனை மணிக்குக் கிளம்புறது, எங்க தங்குறது, கூட்டத்துல ஒரு ஆள் பின்தங்கிட்டா என்ன பண்றது, சாமானை யார் முன்னாடி கொண்டு போறது, இதெல்லாம் அவுக வாயால கேட்டா பிள்ளைக மனசுல நிக்கும், நாம சொன்னா லெக்சர்.

காலுக்கு ஒரே விதிதான், கேம்ப்புக்குன்னு புது ஷூ வாங்கிக் குடுக்காதீங்கன்னு வீட்ல கண்டிப்பாச் சொல்லிருங்க, வாங்குறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி வாங்கிப் போட்டுப் பழகட்டும். சாக்ஸ் மூணு நாலு ஜோடி. கொப்புளம் வந்தா ஊசியால குத்தக்கூடாது, கழுவித் துடைச்சு பிளாஸ்டர் போட்டு மூடிரணும். டென்ட்டைச் சுத்தி வெறுங்காலோட நடக்கவே விடாதீங்க, கருவேல முள்ளு நம்ம ஊர்ல மட்டும்தான் இருக்குன்னு இல்ல.

ஒரு ராத்திரி ஒத்திகை

இதை மட்டும் விட்டுறாதீங்க. மீதி எதைச் செய்யாட்டியும் சரி. கேம்ப்புக்கு ஒரு மாசம் முன்னாடி ஸ்கூல் மைதானத்துலயே சனிக்கிழமை சாயந்தரம் ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒரு கேம்ப் போடுங்க. ஹெட்மாஸ்டர் பெர்மிஷனும் ஒவ்வொரு வீட்லேர்ந்தும் எழுதி வாங்குன சம்மதமும் வேணும், கைடு பிள்ளைக இருந்தா கட்டாயம் டீச்சர் ரெண்டு பேர் ராத்திரி கூடவே தங்கணும். கிளாஸ் ரூமைத் திறந்து ஃபேனைப் போட்டுப் படுக்க விட்டா அது ஒத்திகை இல்ல. டென்ட்லதான் படுக்கணும், தார்ப்பாய் மேல பாய் விரிச்சு.

டென்ட் அடிக்கிறப்ப ஒண்ணு கவனிங்க, நம்ம பக்கத்து செம்புராங்கல் தரை இரும்பு மாதிரி, கேம்ப் கடைல விக்கிற மெல்லிசு முளை வளைஞ்சு போயிரும். தடிச்ச கம்பி முளையும் ஒரு கொட்டாப்புளியும் வச்சுக்குங்க, ராத்திரியே தண்ணி ஊத்தி ஊற வச்சா காலைல இறங்கும். இதுலயே அடிச்சுப் பழகின பிள்ளை எந்த ஊரு மண்ணுலயும் அடிச்சுரும். கயிறைத் தரையோட சாய்வா இழுத்துக் கட்டணும், ராத்திரி யாரும் தடுக்கி விழாம கயித்துல வெள்ளைத் துணி முடிஞ்சு விடணும், சுத்தி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டணும்னா கேம்ப்ல வெட்ட அனுமதி இருக்கான்னு கேட்டுட்டு வெட்டணும்.

அப்புறம் பாத்ரூம். இதை நாசூக்கா விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, ஆனா இதுலதான் பிள்ளைக படுத்துருது. வீட்டு பாத்ரூம் தவிர வேற எங்கயும் போகாத பிள்ளை, க்யூவப் பாத்து, நாத்தத்தப் பாத்து, ரெண்டு நாளா மூணு நாளா போகாமலே இருக்கும், போகணும்னு பயந்தே தண்ணி குடிக்காது, சாப்பிடாது, அப்புறம் வயித்து வலி, தலைவலி, மயக்கம், நாம என்னமோ காய்ச்சல்னு மாத்திரை குடுத்துக்கிட்டு இருப்போம். ஒத்திகைலயே ஒரு வாளித் தண்ணில குளிக்க, ஒரு மக்கை வச்சு சமாளிக்க, விடியக்காலம் அஞ்சு மணிக்கு முந்தி எந்திரிச்சுப் போயிட்டு வர, ராத்திரி போகணும்னா டார்ச்சும் ஒரு கூட்டாளியும் இல்லாமப் போகக்கூடாதுன்னு பழக்குங்க. சோப்பு கைலயே இருக்கணும். பெரிய கேம்ப்ல வயித்துப்போக்கு ஒருத்தருக்கு வந்தா ஒரு டென்ட்டுக்கே வரும், அதுக்கு ஒரே காவல் சோப்புப் போட்டுக் கை கழுவுறது.

தண்ணி குடிக்கிறாங்களான்னு கேட்டா எல்லாரும் "குடிச்சேன் சார்"தான். லீடர்கிட்ட சொல்லிருங்க, ஒண்ணுக்குப் போறது கடும் மஞ்சளா இருந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம், பிள்ளைக தானே பாத்துக்கலாம். ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசா, அதுல போட்டிருக்கிற அளவு தண்ணில (பெரிய பாக்கெட்னா ஒரு லிட்டர்) கரைக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்கிக் குடிக்கிறது தப்பு, கரைச்சது ஒரு நாளுக்கு மேல ஆனா கீழ ஊத்திரணும். பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு தலை தட்டின டீஸ்பூன்ல ஆறு சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவை எல்லா பேட்ரோல் லீடரும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்.

ஒத்திகை முடிஞ்ச அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சுரும் யாரு ராத்திரி அழுதா, யாருக்குத் தூக்கத்துல நடக்குற பழக்கம், யாருக்குப் படுக்கைல ஒண்ணுக்குப் போற சிக்கல் இருக்குன்னு. கடைசியாச் சொன்னதை மத்த பிள்ளைக காதுல விழாம பாத்துக்கிறது உங்க பொறுப்பு, வீட்ல தனியாக் கூப்பிட்டுப் பேசி, ஒரு செட் துணி கூடுதலா, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, ராத்திரி நீங்க படுக்கப் போறப்ப ஒரு தடவை எழுப்பி விட ஏற்பாடு, முடிஞ்சுது. அதுக்காக அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாம விடாதீங்க.

வீட்டுக்காரங்களோட ஒரு கூட்டம்

அம்மா அப்பாவைக் கூப்பிட்டா நம்ம ஊர்ல ஆயா, அப்பத்தா, அம்மான் எல்லாரும் சேர்ந்துதான் வருவாக, வரட்டும், நல்லதுதான். பயப்படுறது அவுகதான். எங்க போறோம், எந்த ட்ரெயின், யார் யார் கூட வர்றா, ராத்திரி யார் எங்க படுப்பா, உடம்புக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவோம், இதை அவுக கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. ஒரு பெரிய ஆள் ஒரு பிள்ளையோட தனியா டென்ட்ல, ரூம்ல, வண்டில இருக்கவே மாட்டோம், எப்பவும் ரெண்டு பெரியவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரிதான் இருப்போம்னு நீங்களாவே சொல்லுங்க. இது அவுகளை சமாதானப்படுத்த மட்டும் இல்ல, உங்களையும் காப்பாத்தும், பிள்ளைகளுக்கும் எது சரி எது தப்புன்னு தெரியும். யாராவது தொந்தரவு பண்ணுனா யார்கிட்டயும் சொல்லலாம், 1098க்கு போன் பண்ணலாம்னு பிள்ளைகளுக்கு கேம்ப்புக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

அதே கூட்டத்துலயே மெடிக்கல் ஃபார்ம் வாங்கிருங்க. ரத்த வகை, அலர்ஜி, வீசிங், வலிப்பு, தினமும் போடுற மாத்திரை, டாக்டர் சீட்டு. சில வீட்ல சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டாங்களோன்னு மறைப்பாக, அதனால "எது இருந்தாலும் கூட்டிட்டுப் போவோம், ஆனா சொல்லணும்"னு வெளிப்படையா சொல்லுங்க. இன்ஹேலர் பிள்ளை பைலயே இருக்கணும், உங்க பெட்டில பூட்டி வைக்கக்கூடாது, உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கட்டும். கைடு பிள்ளைகளுக்கு அந்தத் தேதில பீரியட்ஸ் வருமோ வராதோ, எல்லாரும் நாப்கினும் பழைய பேப்பரும் எடுத்துக்கட்டும், எங்க போடுறதுன்னு முதல் நாளே டீச்சர் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லிரணும், அந்த நேரத்துல நீச்சல் மாதிரி எதுக்காவது வரலன்னா காரணம் கேட்டு நிக்க வைக்கக்கூடாது.

போன் விஷயத்துல நான் கண்டிப்புதான். வீட்டுக்கு தினமும் பிள்ளை பேசுனா ஏக்கம் ஜாஸ்தி ஆகுமே தவிர குறையாது, முதல் ராத்திரியை விட ரெண்டாவது ராத்திரிதான் அழுகை வரும், அந்த நேரத்துல அம்மா குரலைக் கேட்டா அவ்வளவுதான். வாட்ஸப் குரூப்ல தினமும் சாயந்தரம் நாலு போட்டோ, ரெண்டு வரி, "எல்லாரும் சாப்பிட்டாச்சு, சுகமா இருக்காக". அதுக்கு மேல பதில் சொல்லிக்கிட்டு உக்காந்தா கேம்ப் நடத்த முடியாது. அவசரம்னா கூப்பிட ஒரு நம்பர், அது ராத்திரியும் எடுக்கப்படும், இதைச் சொல்லிட்டா போதும்.

காசு ஒரு பெரிய தலைவலி. ட்ரெயின், கேம்ப் ஃபீஸ், யூனிஃபார்ம், ஸ்கார்ஃப் எல்லாம் கூட்டினா ஒரு கூலி வேலைக்காரர் வீட்டுக்கு அது பெரிய தொகை. வகுப்புல வச்சு "யாருக்குக் கட்ட முடியாது கை தூக்குங்க"ன்னு கேக்காதீங்க, தயவு செஞ்சு. பழைய மாணவர்கள், ஊர்ச் சங்கம், லயன்ஸ், ரோட்டரி ஆளுகன்னு நம்ம பக்கம் கேட்டா குடுக்குற மனசு உள்ளவுக நிறைய, ஆனா கணக்கை பைசா விடாம எழுதி, முடிஞ்சதும் அவுகளுக்கே ஒரு காப்பி குடுத்துருங்க, அடுத்த தடவை கேக்காமலே குடுப்பாக. ஸ்லீப்பிங் பேக், ரெயின் கோட், நல்ல டார்ச் இதெல்லாம் தனித்தனியா வாங்கச் சொல்லாம ட்ரூப் சாமானா வாங்கி வச்சு கடன் குடுக்குறது நல்லது.

மூட்டை

பை கட்டுறது பிள்ளையே கட்டணும். ஆத்தா கட்டுனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு பிள்ளைக்குத் தெரியாது, கேம்ப்ல பனியனைத் தேடி மொத்தத்தையும் கொட்டும். ட்ராலி சூட்கேஸ் வேண்டாம், மைதானத்துல சக்கரம் உருளாது. ஒவ்வொரு நாள் உடுப்பையும் தனித்தனி கவர்ல போட்டு நாள் எழுதிட்டா ஈரமும் ஆகாது, தேடவும் வேண்டாம். தட்டு, டம்ளர், கரண்டி, வாளி, துண்டு எல்லாத்துலயும் பேர், எவர்சில்வர்ல பேர் வெட்டுறது நம்ம ஊர்ல ஒண்ணும் புதுசு இல்ல, சீர் பாத்திரத்துக்கே வெட்டுறவுகதான நாம. துணிக்கு மார்க்கர் போயிரும், கலர் நூல்ல ஒரு தையல் போடுங்க, பேட்ரோலுக்கு ஒரு கலர். கொடிக்கயிறு, சேஃப்டி பின், ஊசி நூல், பழைய நியூஸ் பேப்பர், ரெண்டு பெரிய பிளாஸ்டிக் கவர், இதெல்லாம் லிஸ்ட்ல இருக்காது, ஆனா இருந்தா ராஜா. வடக்க குளிர்ல போறதா இருந்தா கனமா ஒரே ஸ்வெட்டர் போடுறதை விட மெல்லிசா ரெண்டு மூணு அடுக்குப் போடுறதுதான் சூடு, மங்கி குல்லாவைக் கிண்டல் பண்ணாம எடுத்துக்கச் சொல்லுங்க, ராத்திரி சாக்ஸ் ஈரமில்லாம இருக்கணும்.

பலகாரம் இல்லாம நம்ம வீட்லேர்ந்து ஒரு பிள்ளையும் கிளம்பாது, தடுத்தாலும் நடக்காது, அதனால எதுன்னு சொல்லிருங்க. தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை ஒரு வாரம் தாங்கும். பணியாரம், கும்மாயம் எல்லாம் ட்ரெயின்லயே முடிச்சுரணும். எல்லாப் பலகாரமும் பேட்ரோலுக்கு ஒரு தகர டின்ல, இறுக்கி மூடி, டென்ட்டுக்கு வெளிய. டென்ட்டுக்குள்ள வச்சா எறும்பு வரும், நாய் வரும். வடநாட்டுல கேம்ப்னா காலைல பூரி, மத்தியானம் சப்பாத்தி பருப்பு, சோறு கொஞ்சமா வரும், நம்ம பிள்ளைக ரெண்டாவது நாளே "சோறு"ண்டு முகத்தைத் தூக்கிரும், அதனால ஒரு மாசம் முன்னாடிலேர்ந்து வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி வீட்ல சப்பாத்தியும் பருப்பும் போடச் சொல்லுங்க. பருப்புப் பொடி ஒரு பாட்டில் நீங்க வச்சுக்குங்க, அது பல சண்டையைத் தீர்க்கும்.

தொலைஞ்சா என்ன, ஓடணும்னா என்ன

கூட்டத்துல பிள்ளை தொலைஞ்சா தேடி ஓடக்கூடாது, நின்ன இடத்துலயே நிக்கணும், யூனிஃபார்ம் போட்ட பெரியவங்க யாராவது ஒருத்தர்கிட்ட கார்டைக் காட்டணும். கழுத்துல மாட்டுற கார்டுல மாவட்டம், சப் கேம்ப் (பெரிய கேம்ப்புக்குள்ள நாம தங்குற பகுதி) பேரு, லீடர் போன் நம்பர் இருக்கணும். இதைச் சொல்லிட்டு விட்டுறாம பிள்ளையார்பட்டி கோயில் கூட்டத்துலயோ காரைக்குடி சந்தையிலயோ நிஜமாவே ஒரு தடவை செஞ்சு பாருங்க, ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு விட்டு, விசில் அடிச்சா ஜோடி கையைத் தூக்கணும். ஜோடி முறை தலை எண்றதை விட வேகமா முடியும், ஒத்தைக் கை தூக்குனா அங்கயே தெரிஞ்சுரும்.

அப்புறம், அஞ்சு நிமிஷ ஒத்திகை ஒண்ணு. 2023 ஆகஸ்ட்ல தென்கொரியால சேமங்கம்ங்கிற இடத்துல 25வது உலக ஜாம்போரி நடந்துச்சு, சுமார் 43,000 பேர், கடலை மேடாக்குன வெட்ட வெளி, மரமே இல்ல, வெயில்ல நூத்துக்கணக்குல பிள்ளைக விழுந்துச்சுக, இங்கிலாந்து, அமெரிக்கா குரூப் எல்லாம் பாதிலயே கிளம்பிட்டாங்க, மீதி இருந்தவங்களை ஆகஸ்ட் 8ம் தேதி புயல் வருதுன்னு மொத்தமா பஸ்ல ஏத்தி வேற ஊருகளுக்கு அனுப்பிட்டாங்க. பணம் இருந்த இடத்துலயே அப்படி. அதனால சொல்றேன், ராத்திரி படுக்கறப்ப ஒவ்வொரு பிள்ளை தலைமாட்டுலயும் ஒரு சின்னப் பை, அதுல தண்ணி, டார்ச், மருந்து, கார்டு, ஒரு செட் துணி, செருப்பு பக்கத்துல. விசில் அடிச்சா பெரிய மூட்டையை விட்டுட்டு அந்தச் சின்னப் பையோட அஞ்சு நிமிஷத்துல பேட்ரோலா வரிசைல நிக்கணும். ஒத்திகை ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை செய்யுங்க. திட்டுவானுக, பரவால்ல. மழை பெஞ்சாலும் இதே பைதான்.

நம்ம ஊரைக் காட்டுறது

ஜாம்போரின்னா மாநிலக் கண்காட்சி, உணவு, கிராமிய நடனம், கேம்ப் கேட் அலங்காரம் எல்லாம் இருக்கும். எல்லாரும் கரகம் ஒயிலாட்டம் எடுத்துட்டுப் போவாங்க, அது தப்பில்ல, ஆனா நம்மகிட்ட காட்ட வேற நிறைய இருக்கு. மூங்கிலையும் கயித்தையும் வச்சு ஸ்கொயர் லாஷிங் (குறுக்குக் கட்டு) போட்டு செட்டிநாட்டு வீட்டு நிலைவாசல் மாதிரி ஒரு கேட், அதுக்கு முன்னாடி ஆத்தங்குடிக் கல்லு (தரைல பதிக்கிற டைல்ஸ்) டிசைன்ல கலர் கோலம், கேட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்டாங்கிச் சேலைத் துணி. முடிச்சுப் பயிற்சியும் இதுலயே முடிஞ்சுரும், சும்மா ஸ்கூல் காம்பவுண்ட்ல நின்னு க்ளவ் ஹிட்ச் முடிச்சு போடச் சொன்னா பத்து நிமிஷத்துல சலிச்சுரும், வாசல் கட்டணும்னு சொன்னா இருட்டுற வரைக்கும் கட்டுவானுக.

வேற மாநிலப் பிள்ளைகளோட ஸ்கார்ஃப், பேட்ஜ் மாத்திக்கிறது கேம்ப்ல பெரிய சந்தோஷம். ஆத்தங்குடிக் கல்லையே கொண்டு போறேன்னு ஒரு பிள்ளையாவது கேக்கும், கனம் தாங்காது, உடைஞ்சும் போகும். பனை ஓலைல பின்னுன சின்னக் கொட்டான் கொண்டு போனா கனமும் இல்ல, வேற யாருகிட்டயும் இருக்காது. பிள்ளைகளே பின்னக் கத்துக்கிட்டா அங்க உக்காந்து பின்னிக் காட்டலாம், கூட்டம் கூடிரும். பாஷை பத்திக் கவலைப்படாதீங்க, தண்ணி, சாப்பாடு, டாக்டர், எங்க, எவ்வளவு, நன்றி, இதுக்கு மட்டும் இந்தி சொல்லிக் குடுங்க, மீதியைப் பிள்ளைக கையைக் காலை ஆட்டிப் பேசிக்கும். பிரார்த்தனையும் கொடிப் பாட்டும் இந்தில பாடுறதுனால அதோட அர்த்தத்தையும் தமிழ்ல சொல்லிட்டுப் பாட வைங்க, வாயை மட்டும் அசைக்காம பாடுவானுக.

கிளம்புற வாரம்

ட்ரெயின்ல பேட்ரோல் பேட்ரோலா சீட் வர்ற மாதிரி டிக்கெட்டைப் பிரிச்சு எழுதுங்க, ஒவ்வொரு ஏறு இறங்குக்கும் லீடர் தன் ஆளை எண்ணிட்டு உங்ககிட்ட "ஏழும் சரி" மாதிரி ஒரு வார்த்தை சொல்லணும், சொல்லாம நீங்க நகரக்கூடாது. திருச்சில, சென்னைல வண்டி மாறுறப்ப சாமானுக்கு ரெண்டு பிள்ளை காவல், தண்ணிக்கு ரெண்டு பிள்ளை, மீதி உக்காந்த இடத்துலயே. பசங்க யாரும் ஸ்டேஷன்ல தனியா கடைக்குப் போகக்கூடாது.

கேம்ப்புக்குள்ள போனதும் முதல் வேலை டென்ட் இல்ல, சுத்திப் பாக்குறது. தண்ணி எங்க, பாத்ரூம் எங்க, மெடிக்கல் டென்ட் எங்க, நம்ம சப் கேம்ப்புக்கு அடையாளம் என்ன, இதை முழுப் பேட்ரோலும் ஒரு தடவை நடந்து பாத்துட்டுத்தான் மூட்டையைப் பிரிக்கணும். வெளிச்சம் இருக்கறப்பவே. தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி லீடர்களோட பத்து நிமிஷம் உக்காருங்க, யாரு சாப்பிடல, யாருக்கு என்ன வலி, நாளைக்கு எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். நீங்களும் தூங்கணும், இன்னொரு சாரோட முறை போட்டுக்குங்க. தூங்காத ஆளு மூணாவது நாள் பிள்ளைக மேல எரிஞ்சு விழுவாரு.

திரும்பி வந்ததும் டென்ட்டை அப்படியே மடிச்சு ஸ்டோர் ரூம்ல போட்டுறாதீங்க, ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டு, முளையை எண்ணி, கயிறைச் சுத்தி வைங்க. ஒவ்வொரு பேட்ரோலும் கொண்டு போயி தொடவே தொடாத சாமான் எது, இல்லாமத் தவிச்ச சாமான் எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கட்டும். அதை டென்ட் மூட்டைக்குள்ளயே வச்சுக் கட்டிருங்க, அடுத்த வருஷம் மூட்டையைப் பிரிக்கிற புது லீடர் கைல அதுதான் முதல்ல கிடைக்கும்.